என்னை மட்டும் ரெட்யூஸ் செய்தார்கள்

இரண்டு வாரமாக இந்தப் பத்தி அரைப்பக்கத்தில் முடிந்துபோனதைக் கவனித்தீர்களா? கவனித்து வருத்தப்பட்டீர்களா? இல்லை... ‘அப்பாடா!’ என்று இருந்ததா?

உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். இப்போதைக்கு அதைத் தாங்கும் திராணி எனக்கு இல்லை.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் என் வீட்டு வாசலில் தபால்காரர் ஒரு கார்டைப் போட்டுவிட்டுப் போனார். நமது பத்திராதிபர் சென்னையிலிருந்து எழுதியிருந்தார். யுத்தத்தால் காகிதம் கிடைக்காமல் திண்டாடுவதைப் பற்றி ஒன்றரை வரி. அப்புறம், “தங்கள் பத்தியை அடுத்த இதழ் முதல் ரெட்யூஸ் செய்து அரைப்பக்கமாக அனுப்பவும்.”

அவ்வளவுதான். முன்பெல்லாம் கவரில் எழுதுவார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, உங்கள் ஊரில் மழை உண்டா என்று விசாரிப்பார். இப்போது அந்த விசாரணையும் ரெட்யூஸ் ஆகிவிட்டது.

யாரைப் பார்த்துச் சொல்கிறார்? என்னை! பத்தொன்பது வருஷமாக நான் சோறு தின்பதே அந்த ஒரு சொல்லால்தான். காலேஜ் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு இங்கிலீஷ் ட்யூஷன் எடுப்பது என் ஜீவனம். அதில் ‘ப்ரெஸி’ என்று ஒரு பகுதி உண்டு. ஒரு பக்க விஷயத்தைக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்காக ரெட்யூஸ் செய் என்பார்கள். அந்த வித்தையில் இந்தத் திருவனந்தபுரத்தில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. எத்தனையோ பேர் ஆசை ஆசையாக எழுதியதை நான் சிவப்பு மையால் அடித்துத் தள்ளியிருக்கிறேன். அவர்கள் முகம் எப்படிப் போயிற்று என்று ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தேனா? இல்லை.

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாடம் நடத்தும்போது, ‘ரெட்யூஸ் என்றால் குறை’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விடுவேன். ஆனால் குறைப்பதில்தான் எத்தனை தினுசு! ‘கர்டெய்ல்’ என்றால் பாதியில் வெட்டிவிடுவது. மீட்டிங்கில் மணி அடித்து ஆளை உட்கார வைக்கிறார்களே, அது. ‘அப்ரிட்ஜ்’ என்றால் சாரம் போகாமல் சுருக்குவது. அதில் ஒரு மரியாதை உண்டு. ‘லெஸன்’ (பாடம் அல்ல, இது வேறு எழுத்து) என்றால் தலைவலி மாதிரி, காய்ச்சல் மாதிரி, மெல்ல மெல்லத் தணிவது. ‘ரெட்யூஸ்’ இது எதிலும் சேராது. இருந்த அளவிலிருந்து ஒருவர் உங்களைக் கீழே இறக்குகிறார். அதுதான் ரெட்யூஸ்.

டாக்டரிடம் போனால், “சோறு ரெட்யூஸ் பண்ணணும்” என்கிறார். சர்க்கார் அரிசியின் அளவை ரெட்யூஸ் செய்கிறது. நாம் மரவள்ளிக் கிழங்குக்குப் பழகிக்கொள்கிறோம். ஆபீஸ்களில் பெரிய அதிகாரி சின்ன குமாஸ்தாக்களின் எண்ணிக்கையை ரெட்யூஸ் செய்கிறார். எல்லா இடத்திலும் ஒன்றைக் கவனித்தேன். குறைப்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். குறைக்கப்படுகிறவர் நின்றுகொண்டிருக்கிறார்.

சரி, யுத்த காலம். எல்லோருக்கும் வருவதுதானே நமக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பத்தியை அரைப்பக்கமாக வெட்டி அனுப்பினேன். என் கையாலேயே வெட்டினேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இதழ் வந்தது. பிரித்தேன்.

ஆறுமுகம் பிள்ளையின் பக்கம் முழுசாக இருந்தது!

உங்களுக்கு அவரைத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும், அதுதான் என் கஷ்டம். இதே பத்திரிகையில் கடைத்தெரு விஷயங்களை எழுதுகிறாரே, அவர்தான். இங்கே சாலைக் கடைத்தெருவில், ஆரியசாலையில் மிளகாய் வற்றல், மல்லி, சுக்கு மொத்த வியாபாரம். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனவர். எழுத வந்து முழுசாக இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நான் எழுதத் தொடங்கி ஒன்பது வருஷம். அவருக்கு முழுப்பக்கம். எனக்கு அரைப்பக்கம். போதாததற்கு அவர் பக்கத்தில் அந்த வாரம் ஒரு படம் வேறு போட்டிருந்தார்கள். காகிதத்துக்குப் பஞ்சம் என்கிறார்கள்; படத்துக்கு மட்டும் எங்கிருந்து இடம் வருகிறது?

சமையலறைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம். என் மனைவி பாகீரதி இதழைக் கையில் பிடித்தபடி வந்தாள்.

“ஏன்னா, இதைக் கேட்டேளா? ஒரு மாமி புளி வாங்க வந்தாளாம். நாலு கடையிலே புளிப்பு பார்த்துப் பார்த்தே பல்லு கூசி, கடைசியிலே புளியே வேண்டாம்னு போயிட்டாளாம்! அப்படியே நம்ம கோடியாத்து மாமியாக்கும்!”

“என் பத்தியைப் பார்த்தியோ?”

“பார்த்தேனே. ஆரம்பிக்கறதுக்குள்ளே முடிஞ்சுடுத்து.”

“எடிட்டர் குறைச்சுட்டார்.”

“அதுவும் நன்னாத்தான் இருக்கு,” என்றாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

வயிறு எரிந்தது. சொல்லுகிறேனே — திகுதிகுவென்று எரிந்தது. அதற்கு அன்றைக்கு நான் வைத்த பெயர் நியாயம். இலக்கியத்துக்கு நியாயம், தமிழுக்கு நியாயம், வாசகர்களுக்கு நியாயம்... எனக்கு என்று மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

இங்கே எங்கள் பத்திரிகையின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். வாசகர்கள் எங்களுக்கு எழுதும் கடிதங்கள் முதலில் சென்னைக்குத்தான் போகும். அவர்கள் ஊர்வாரியாகப் பிரித்து, ஓர் ஊருக்கு ஒரே கட்டாக ஒருவர் பேருக்கு அனுப்பிவிடுவார்கள். தனித்தனிக் கவருக்குக் காகிதம் ஏது? எங்கள் ஊருக்கு அந்தக் கட்டு பிள்ளையின் கடைக்கு வரும். சனிக்கிழமைதோறும் நான் ஆரியசாலைக்கு நடந்துபோய் என் பங்கை வாங்கிவர வேண்டும். அவருடைய கடிதங்களைச் சணல் போட்டுக் கட்டியிருக்கும். என்னுடையவற்றுக்குச் சணல் தேவைப்படுவதில்லை. சில சனிக்கிழமைகளில், “இந்த வாரம் ஒண்ணும் இல்ல சாமி” என்று சொல்ல அவருக்கே சங்கடமாக இருக்கும். எதையாவது தேடுகிற மாதிரி மேஜையைக் குடைவார்.

அந்தச் சங்கடத்தையும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே உட்கார்ந்து பத்திராதிபருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் பெயரில் அல்ல. ‘ஓர் உண்மை வாசகன், சாலை’ என்று கையெழுத்து. எப்போதும் வலப்பக்கம் சாயும் என் எழுத்தை மெனக்கெட்டு இடப்பக்கம் சாய்த்தேன். மேஜைமேல் கிடந்த தாள்களில் பின்பக்கம் வெள்ளையாக இருந்த ஒன்றை உருவி எடுத்தேன். இந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையான காகிதம் யார் வீட்டில் இருக்கிறது?

என்ன எழுதினேன்? ‘தரக்குறைவான, ஆழமற்ற, கடைத்தெரு வாடை வீசும் எழுத்து’ என்று ஆரம்பித்தேன். புளி வாங்க வந்த மாமியை உதாரணம் காட்டினேன். இன்னும் இரண்டு உதாரணம் காட்டினேன். இதைப் போய் எல்லோரும் படிக்கிறார்களே என்று அங்கலாய்த்தேன். ‘மிளகாய் விற்கிறவர் மிளகாய் விற்கட்டும்’ என்று ஒரு வரி எழுதி, அதன் அழகில் நானே சொக்கிப்போய் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். கடைசியில், ‘இவருடைய பக்கத்தை உடனே ரெட்யூஸ் செய்து, அந்த இடத்தைச் சிந்தனை உள்ள எழுத்தாளர்களுக்குக் கொடுக்கவும். உதாரணமாக...’ என்று போட்டு என் பெயரை எழுதினேன்.

ஆமாம். என் பெயரையேதான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுதும்போது அது தோன்றவே இல்லை.

தலைப்பில், ‘பத்திராதிபரின் நேர்ப்பார்வைக்கு மட்டும்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். எங்கள் தெருப் பெட்டியில் போட்டால் யாராவது பார்ப்பார்கள் என்று பழவங்காடி வரை நடந்தேன். வழக்கமாக அந்தப் பக்கம் போனால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் வரமாட்டேன். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, சந்நிதிப் பக்கம் திரும்பாமலே வந்துவிட்டேன்.

அடுத்த இதழ் வந்தது. பிள்ளைக்கு முழுப்பக்கம். எனக்கு அரை.

கடிதம் போய்ச் சேரவில்லையா? சேர்ந்தும் பத்திராதிபர் அசையவில்லையா? ஒன்றும் தெரியாமல், போன சனிக்கிழமை வழக்கம்போல் ஆரியசாலைக்குப் போனேன்.

“வாங்க சாமி, வாங்க! மூக்கைப் பொத்திக்கிடுங்க. இப்பத்தான் மூடை பிரிச்சோம்,” என்றார் பிள்ளை. மூடைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஒரு டம்ளர் சுக்கு வெள்ளம், அதாவது சுக்கு வெந்நீர், வந்தது. எனக்கு இரண்டு கடிதம் இருந்தது. அதில் ஒன்று விலாசம் மாறி வந்தது.

நான் எழுந்திருக்கப் போனேன்.

“கொஞ்சம் இருங்க. எனக்கும் ஒரு கடுதாசி வந்திருக்கு, பாத்துக்கிடுங்க. எனக்கு எதிரா எழுதியிருக்கு.”

அவர் நீட்டிய தாளில் என் எழுத்து இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தேன்.

“மேல ‘நேர்ப்பார்வைக்கு மட்டும்’னு போட்டிருக்கு. அங்க யாரு அதெல்லாம் பாக்கா? நம்ம பேரு இருக்குல்லா, கட்டோட கட்டா இங்க தட்டிவிட்டுட்டாவ. கூட ஒரு துண்டுச் சீட்டு வச்சிருக்காவ. நாலு வரியாக் குறைச்சு அனுப்பினா வாசகர் கடிதத்தில போடுதோம்னு.”

“போடவே வேண்டாமே, பிள்ளைவாள்... எவனோ வேலையத்தவன்...”

“சேச்சே! அப்படிச் சொல்லப்பிடாது. நல்ல கெட்டியான எழுத்து. நீளம்தான் ஜாஸ்தி. எனக்குச் சுருக்க வராது சாமி. நீங்க சுருக்கத்தில எம்டன் ஆச்சே! கொஞ்சம் குறைச்சுத் தாங்க.”

தாளையும் ஒரு பென்சிலையும் என் கையில் கொடுத்துவிட்டு, மல்லி பார்க்க வந்த வியாபாரியின் பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்கு உயிர் வந்தது. அவருக்குத் தெரியவில்லை! எழுத்தைச் சாய்த்தது வீண்போகவில்லை. சீக்கிரம் சுருக்கிக் கொடுத்துவிட்டு ஓடிவிடவேண்டும் என்று பென்சிலை எடுத்தேன். எத்தனை வருஷப் பழக்கம்! கை தானாகவே வேலையை ஆரம்பித்தது.

முதலில் அடைமொழிகள் போகவேண்டும். அதுதான் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் விதி. ‘தரக்குறைவான’ போயிற்று. ‘ஆழமற்ற’ போயிற்று. ‘வாடை வீசும்’ போயிற்று. அடுத்தது உதாரணங்கள்.

“அந்தப் புளி மாமியை எடுத்தாச்சா?” என்று அங்கிருந்தே கேட்டார் பிள்ளை.

“எடுத்தாச்சு.”

“பாவம்,” என்றார்.

ஜோடனை வாக்கியங்களை அடித்தேன். மிளகாய் விற்கிறவர் வரியும் அதோடு போயிற்று. திரும்பத் திரும்பச் சொன்னதை அடித்தேன். ‘கடைத்தெரு’ என்பதை மட்டும் ஏழு தடவை எழுதியிருந்தேன். கடைசியில் ‘உதாரணமாக’ வந்தது. உதாரணம் என்றால் யோசிக்காமல் அடி என்பது விதி. என் பெயரை நானே அடித்தேன்.

பார்த்தால், இரண்டு வாக்கியம்தான் மிச்சம். ‘இவர் எழுதுவதை எல்லோரும் படிக்கிறார்கள். ஆகவே இவர் பக்கத்தைக் குறைக்கவேண்டும்.’

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது என்ன பேச்சு? எல்லோரும் படிக்கிற பக்கத்தை எதற்காகக் குறைக்கவேண்டும்? ஒரு முழுத் தாள் எழுதினேனே, அதில் வாதம் எங்கே போயிற்று? தேடிப் பார்த்தேன். வாதம் என்று ஒன்று இருந்தால்தானே கிடைக்கும்! இருந்ததெல்லாம் அடைமொழி. அதைத்தான் அடித்துவிட்டேனே.

“பிரதி எழுத இடம் போதலேன்னா மறுபக்கம் திருப்பிக்கிடுங்க சாமி,” என்றார் பிள்ளை. முகம் என் பக்கம் திரும்பவில்லை. மல்லியைக் கையில் அள்ளி ஊதிக்கொண்டிருந்தார்.

திருப்பினேன்.

சிவப்பு மை. என்னுடைய சிவப்பு மை. என்னிடம் படிக்கும் யாரோ எழுதிய ப்ரெஸி. அதன் குறுக்கே, ‘ரெட்யூஸ்! நடுக்கருத்து எங்கே?’ என்று நான் வலப்பக்கம் சாய்த்து எழுதியிருந்தேன். கீழே என் கையெழுத்து. இங்கிலீஷ் பேப்பரிலும் தமிழில் கையெழுத்துப் போடுவது என் பெருமை. அதே கையெழுத்தைத்தான் இந்தப் பத்தியின் கீழே வாரா வாரம் அச்சடிக்கிறார்கள்.

தும்மல் வந்தது. கண்ணில் நீர் வந்தது. மிளகாய்க் கடை, காரணம் கேட்க ஆளில்லை.

பிள்ளை வியாபாரியை அனுப்பிவைத்தார். பிறகு வந்து எதிரே ஒரு மூடைமேல் உட்கார்ந்தார்.

“அதெல்லாம் பரவாயில்ல சாமி. ஆளுக்கு ஒரு அபிப்பிராயம். அந்த ஒரு வரி மட்டும்தான்... மிளகாய் விக்கிறவன் மிளகாய் விக்கட்டும்னு எழுதியிருந்தீங்க. அது கொஞ்சம் எரிச்சலா இருந்துது. எங்க அப்பாவும் அதையேதான் சொல்லுவாரு. நான் பேப்பரும் பேனாவுமா உக்காந்தாலே சொல்லுவாரு.”

அந்த வரியை நான் அடித்துவிட்டேன்தான். ஆனால் நீளத்துக்காக அடித்தேன். தப்பு என்று தோன்றி அடிக்கவில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

“பிள்ளைவாள்,” என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்க எட்டு விதம் சொல்லித்தருகிற வாய் அது.

“ப்ரெஸி இன்னும் முடியல்லியே சாமி,” என்றார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

உண்மைதான். முடியவில்லை. பென்சிலை எடுத்தேன். இரண்டாவது வாக்கியத்தை அடித்தேன். அது பொய். முதல் வாக்கியம் உண்மை. ஆனால் அது காரணம்தான், கருத்து அல்ல. அதையும் அடித்தேன். சிவப்பு மையில் ‘நடுக்கருத்து எங்கே?’ என்று நானே கேட்டிருந்த கேள்விக்குக் கீழே இரண்டே வார்த்தை எழுதினேன். ‘எனக்குப் பொறாமை.’

தாளை நீட்டினேன். இதுவரை எத்தனையோ பேருக்கு மார்க் போட்டிருக்கிறேன். மார்க் வாங்குகிறவன் பாடு என்ன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இதை இவர் பத்திராதிபருக்கு அனுப்பிவிட்டால் என் பத்தி போயிற்று. ஒன்பது வருஷம் போயிற்று. ஊரில் தலைகாட்ட முடியாது. அதெல்லாம் போகட்டும்... இனிமேல் சனிக்கிழமை இந்த ஸ்டூலில் வந்து எப்படி உட்காருவேன்?

பிள்ளை படித்தார். இரண்டு வார்த்தையைப் படிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

“இதுக்கு மேல குறைக்க ஏலாது, இல்லையா சாமி?”

“முடியாது.”

“அப்ப இதை வாசகர் கடிதத்தில போடாண்டாம். இவ்வளவு நல்ல விஷயத்தை நாலு வரியில போட்டா வீணாப் போகும். நடந்ததை நடந்தபடி விஸ்தாரமா எழுதுங்க. உங்க அரைப்பக்கத்தில அடங்காது. இந்த வாரம் என் பக்கத்தை எடுத்துக்கிடுங்க. நான் எடிட்டருக்கு இன்னிக்கே ஒரு கார்டு போட்டுருதேன்.”

“உங்க பக்கத்தையா?”

“நான் ஒரு வாரம் மிளகாய் விக்கேன்,” என்றார்.

அப்போதுதான் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று எழுத ஆசை. இல்லை, தும்மினேன்.

திரும்பி வரும் வழியில் பழவங்காடியில் ஒரு தேங்காய் உடைத்தேன். வீட்டுக்கு வந்து பாகீரதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, “நல்ல மனுஷராக்கும்!” என்றாள். என்னைச் சொல்லவில்லை.

ஆகவே, அன்பர்களே, இந்த வாரம் நீங்கள் படித்துக்கொண்டிருப்பது ஆறுமுகம் பிள்ளையின் பக்கம். அவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் என் பெயர் இருக்கிறதே என்று யாரும் பத்திராதிபருக்கு எழுதவேண்டாம். அப்படியே எழுதினாலும், அது எங்கே வந்து சேரும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

அது சரி, பொறாமை ரெட்யூஸ் ஆயிற்றா என்று கேட்பீர்கள். நானும் ஆகும் என்றுதான் நினைத்தேன். வெளியே சொல்லிவிட்டால் பாதி குறைந்துவிடும் என்பார்களே! எனக்கு அப்படி நடக்கவில்லை. இத்தனை நாள் அவர் எழுத்தின்மேல் மட்டும்தான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவர் மனசின்மேலும் சேர்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது. திட்டுவதற்கு ஒரு காரணமாவது மிச்சம் வைத்திருக்கலாம் அந்த மனிதர்!

எழுதி முடித்து எண்ணிப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் நாலு வரி இடம் மிஞ்சியது. நியாயமாகப் பார்த்தால் அதையாவது பிள்ளைக்குத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நாலே வரியிலும் அவர் உங்களைச் சிரிக்க வைத்துவிடுவார். பேனாவை மூடிக்கூட வைத்துவிட்டேன். மனசு வரவில்லை... இதோ, அந்த நாலு வரியையும் நானே நிரப்பிவிட்டேன்.